அரசின் இரு கைகள்

கலையையும் மரபையும் அரசு காக்கிறது என்று சொல்லும்போதெல்லாம், யாருடைய கலையை என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. முத்துப்பழனியின் நூலுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம்.

18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த கணிகை அவர். ராதையின் காதலையும் கோபத்தையும் ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற தெலுங்குக் காவியமாகப் பாடினார். 1887இல் அது அச்சேறியபோது அவருடைய முகவுரையும் சில பாடல்களும் விடுபட்டன. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் முழு நூலையும் தேடியெடுத்து 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று சீர்திருத்தவாதிகள் கொதித்தார்கள். ஆண் புலவர்கள் இதைவிட வெளிப்படையாக எழுதவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். 1911இல் சென்னை மாகாண அரசு நூலைத் தடை செய்து பிரதிகளைப் பறிமுதல் செய்தது.

சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தைப் பேணியதும் அதே அரசுதான். ஒரு கை ஓலைகளைக் காத்தது. மறு கை ஒரு பெண்ணின் புத்தகத்தைப் பறித்தது.

விடுதலையையொட்டி, த. பிரகாசத்தின் முயற்சியால் தடை நீங்கியது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தது. பொட்டுக்கட்டும் கொடுமை முடிய அது தேவைப்பட்டது. ஆனால் கோயிலில் ஆடுவதையும் அது குற்றமாக்கியது. நூலுக்கு விடுதலை கிடைத்தது. அந்த மரபின் பெண்கள் தங்கள் ஆடுகளத்தை இழந்தார்கள்.

கலைக்கு அரசு ஒதுக்கும் தொகையைப் படிக்கும்போது, அதில் விடுபட்ட பெண்களின் பெயர்களையும் சேர்த்தே தேடுவோம்.