கரும்பலகையும் கணினித் திரையும்

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியின் பள்ளியில், பெரிய திரையில் பலவிதத் தொழில்களைக் காட்டி, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார்களாம். "உங்களை யார் கேட்டாங்க, தாத்தா?" என்றாள்.

1962இல் எனக்கும் அவள் வயதுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் படிப்பு. வகுப்பில் இருந்தவை ஒரு கரும்பலகையும் பிரான்ஸ் வரைபடமும்தான். நாங்கள் அறிந்த உத்தியோகங்கள் சொல்தா, வாத்தியார், குமாஸ்தா.

அவ்வாண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரவேண்டும். மூத்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வீடு அதே பேச்சு. அப்பா எழுதித் தந்திருந்தால் நான் சொல்தாவாகப் போயிருப்பேன். தரவில்லை, குமாஸ்தா ஆனேன். குறையொன்றுமில்லை.

"என்னை யாரும் கேட்கலைம்மா. உன்னைக் கேக்கறாங்க, யோசிச்சுச் சொல்லு" என்றேன்.