காசுக்குத் தீட்டில்லை

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று எண்ணாயிரம் பக்கம், சோழர் காலத்துக் கற்கோயில்களோடு இருக்கிறது. இன்னொன்று திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பக்கம். நான் இரண்டாவது ஊர்க்காரன். பார்ப்பனர்களுக்குத் தானமாக விட்ட நிலம் என்பதுதான் இந்தப் பெயருக்கு அர்த்தம். தானம் வாங்கினவன் பெயர் ஊருக்கு நின்றுவிட்டது. அந்த நிலத்தில் ஏர் ஓட்டினவன் பெயர் கல்லில் ஏறவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன் கார் வாங்கப் போனார். பன்னிரண்டு வருஷம் சென்னையில் அடுத்தவன் காரை ஓட்டினவர். சொந்தமாக ஒரு வண்டி எடுத்து வாடகைக்கு விடவேண்டும் என்பது அவர் கனவு. துணைக்கு நானும் போனேன். நெடுஞ்சாலையோரம் கண்ணாடி போட்ட பெரிய ஷோரூம். பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஒரு கடையின் குற்றமாக முடிந்துபோகும்.

"வாங்க சார், உட்காருங்க சார்" என்று டை கட்டின பையன் நாற்காலி இழுத்துப் போட்டான். தண்ணீர் வந்தது. விலை சொன்னான், மைலேஜ் சொன்னான்.

"எந்த ஊரு சார்?"

"பிரம்மதேசம்."

"அட, நம்ம பக்கந்தான். பிரம்மதேசத்துல எந்த எடம்?"

"காலனி" என்றார் அண்ணன்.

பையன் கையில் இருந்த பேனா நின்றது. "ஓ... தாட்கோ லோனா?"

அண்ணன் அதுவரைக்கும் கடனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அதோடு 'சார்' போய்விட்டது. "கொட்டேஷன் போட்டுத் தரேன், அப்பிடி ஓரமா இருப்பா." ஓட்டிப் பார்க்க வண்டி கேட்டோம். சர்வீசுக்குப் போயிருக்கிறது என்றான். அரை மணி நேரம் கழித்து வேறொரு குடும்பம் வந்தது. வாசலிலேயே நின்ற வண்டியில் அவர்களை ஏற்றிக்கொண்டு அதே பையன் ஒரு ரவுண்டு போய்வந்தான். பன்னிரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த என் அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

'எந்த இடம்' என்ற கேள்வி அந்தப் பையன் கண்டுபிடித்ததல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் சுடுகாட்டோடும் குளத்தோடும் சேர்த்து 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்று தனியாகப் பிரித்து எழுதிவைத்திருக்கின்றன. ஆயிரம் வருஷத்துப் பட்டியல் அது. இன்றைக்கு அது கல்லில் இல்லை. ரேஷன் கார்டில், ஆதார் அட்டையில், கடன் மனுவின் முகவரிக் கட்டத்தில் இருக்கிறது.

வண்டிக்கும் நமக்கும் உள்ள வரலாறு வேறு மாதிரியானது. மற்றவர்களுக்கு வண்டி என்பது தூரத்தைக் கடக்கிற சாதனம். நமக்கோ அதில் உட்காரலாமா கூடாதா என்பதே முதல் கேள்வி.

1901இல், ஒன்பது வயது அம்பேத்கர் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் புறப்பட்டார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் எந்த மாட்டுவண்டிக்காரனும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவன் சம்மதித்தான். இரட்டை வாடகை தரவேண்டும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்டவேண்டும், தான் பக்கத்தில் நடந்து வருவேன் என்பது பேச்சு. 1929இல், அவர் பெரிய படிப்பெல்லாம் படித்துப் பாரிஸ்டர் ஆன பிறகு, சாலிஸ்காவ் ரயிலடியில் அதுவே திரும்ப நடந்தது. குதிரை வண்டிக்காரன் வண்டியை வாடகைக்குக் கொடுத்தான். ஓட்ட மறுத்தான். பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்ட, வண்டி விபத்துக்குள்ளாகி அம்பேத்கர் கல்தரையில் தூக்கியெறியப்பட்டார். கால் முறிந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்பில் இரண்டையும் அவரே எழுதியிருக்கிறார்.

இரண்டு இடத்திலும் வண்டிக்காரன் வாடகையை வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். காசுக்குத் தீட்டில்லை. காசு கொடுக்கிற ஆளுக்குத்தான் தீட்டு.

தமிழ்நாட்டுக் கதை இதைவிடக் கொடுமை. மோட்டார் பஸ் வந்த புதிதில் நம் சனங்களை ஏற்றமாட்டோம் என்று முதலாளிகள் நின்றார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டார். அதே ராமநாதபுரத்தில்தான் 1930 டிசம்பரிலும் 1931 ஜூனிலும் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மேல் தடைப் பட்டியல் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, பொன் நகை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று போகிறது பட்டியல். 1931 பட்டியலின் கடைசித் தடை கல்யாண ஊர்வலத்தைப் பற்றியது. குதிரையில் போகக் கூடாது. பல்லக்குக்குப் பதிலாக வீட்டுக் கதவைக் கழற்றித்தான் தூக்கவேண்டும். எந்தக் காரியத்துக்கும் எந்த வண்டியும் பயன்படுத்தக் கூடாது. ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சாதியைப் பற்றி எழுதிய நூலில் இவை வரிசையாகப் பதிவாகியுள்ளன. சர்க்கார் உத்தரவு பஸ்ஸின் கதவைத் திறந்தது. ஊர் உத்தரவு வீட்டுக் கதவைக் கழற்றச் சொன்னது.

இது ராமநாதபுரத்து விவகாரம், தென்னார்க்காட்டில் அப்படியெல்லாம் இல்லை என்பார்கள். என் பெரியப்பா சொல்வார்: "பண்ணை ஊட்டு அம்பாசிடரை வாரம் ரெண்டு தபா நாந்தான் கழுவுவேன். உள்ள சீட்டெல்லாம் தொடைப்பேன். தொடைக்கலாம், ஒக்காரக் கூடாது. ஒரு நாளு மழைக்கு உள்ள குந்திட்டேன்னு புளிய மிளாறால அடிச்சாரு." இதற்கு எழுதின பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, கடைக்குள் நுழைவதைச் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்றது. 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம் தீண்டாமையின் பேரில் பொருளை விற்க மறுப்பதையே குற்றமாக்கியது. ஆனால் அந்தக் காலத்தில் நம்மில் யார் கார் வாங்கப் போனார்கள்? பணக்காரனே பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது. 1983 டிசம்பரில் மாருதி வந்தது. 1991க்குப் பிறகு கம்பெனிகள் வரிசையாக வந்தன. 1990களில் மறைமலைநகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். கடன் கொடுக்க ஃபைனான்ஸ்காரர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். வாடிக்கையாளரே ராஜா என்று எழுதி மாட்டினார்கள். சேரிப் பிள்ளைகளும் ஒப்பந்தக் கூலிக்குக் கம்பெனிக்குள் போனார்கள், கார்களுக்குத் திருகாணி முடுக்கினார்கள். முடுக்கினவன் வாங்க வரும்போதுதான் 'எந்த இடம்' என்ற கேள்வி வருகிறது.

வாங்கிவிட்டாலும் கதை முடிவதில்லை. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துச் சேரிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்துச் சேர்த்ததெல்லாம் சாம்பலானது, மோட்டார் சைக்கிள்களும் சேர்ந்து எரிந்தன. நாம் பைக் ஓட்டுவதைத் தடுப்பது வன்கொடுமை என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தனியாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதின பிறகும், 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிவந்த தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டியதாக வழக்குப் பதிவானது.

ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: "ஷோரூம்ல நடந்தது வர்க்கப் பிரச்சனைதானே? காசு இல்லாத எல்லாரையும் அப்படித்தான் நடத்துவான்." நானும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் சட்டையையும் செருப்பையும் பார்த்த பிறகுதான் அவன் நாற்காலி போட்டான், 'சார்' என்றான். எங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. தெருவைக் கேட்ட பிறகுதான் எங்கள் பை காலி என்று அவனே முடிவுகட்டினான். வர்க்கத்தைக் கண்டுபிடிக்க அவனுக்குச் சாதி தேவைப்பட்டது.

இதற்கு எந்தச் சட்டத்தில் புகார் கொடுப்பது? வண்டியில் கோளாறு இருந்தால் நுகர்வோர் கோர்ட்டு உண்டு. விற்க மறுத்தால் 1955 சட்டம் உண்டு. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைச் சட்டம் உண்டு. அவன் விற்க மறுக்கவில்லை, திட்டவும் இல்லை. 'சார்' என்பதை 'ப்பா' என்று மாற்றினான், அவ்வளவுதான். சாலிஸ்காவ் வண்டிக்காரன் போலத்தான்: வண்டி தருவான், மரியாதை தரமாட்டான்.

அண்ணன் அந்தக் கொட்டேஷனை அங்கேயே மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். விழுப்புரத்தில் வேறொரு கடையில் எடுத்தோம். அங்கே ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். வண்டி எடுத்த அன்று, பின்கண்ணாடியில் ஒட்ட அம்பேத்கர் படத்தை நான் எடுத்தபோது, அங்கிருந்த ஊழியர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "படம் வேணாம் சார், நாளைக்கு வித்தா வெல போவாது."

படம் ஒட்டினோம். அம்மா போனில், "ஊர்த்தெரு வழியா வராதீங்கடா, ஏரிக்கரையா சுத்தி வந்துடுங்க" என்றாள். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஊர்த்தெருவிலேயே விட்டார். வேகமாகவும் இல்லை, ஹாரனும் அடிக்கவில்லை. திண்ணையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். காலனி வாசலில் பெரியப்பா நின்றிருந்தார். முன்சீட்டில் உட்காரச் சொன்னோம். உட்காருவதற்கு முன்னால், தோளில் கிடந்த துண்டை எடுத்து சீட்டைத் துடைத்தார்.

நிலம் பறிபோனதையும் குடிசை எரிந்ததையும் எழுதிவைத்திருக்கிறோம். கடையில், வங்கியில், ஷோரூமில் 'சார்' பாதியில் நின்றுபோன நேரங்களையும் தேதி போட்டு, இடம் போட்டு எழுதிவைக்கவேண்டும் தோழர்களே. திட்டினதுக்கு சாட்சி கிடைக்கும். இதற்கு நாம்தான் சாட்சி.