ஓர் அரச பேரரின் நாட்குறிப்பு

1822ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பேரரான ஒகஸ்டஸ் டெஸ்டே, ஸ்கொத்லாந்தில் உறவினர் ஒருவரைக் காணச் சென்றார். கண்டதோ அவருடைய உயிரற்ற உடலை. ஈமக்கிரியை முடிந்த சில நாட்களில், தமக்கு வந்த கடிதங்களைப் பிறரைக்கொண்டு வாசிப்பிக்க வேண்டிய அளவிற்கு டெஸ்டேயின் கண்கள் மங்கின. பின்னர் மருந்தேதுமின்றியே பார்வை மீண்டது. 1827இல் புளோரன்ஸ் நகரில் ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தது, கால்கள் வலுவிழந்தன, அதுவும் பெரும்பாலும் தணிந்தது. பின்னாட்களிலோ வந்த நலிவு நீங்காமல் நின்று வளர்ந்தது. 1848இல் அவர் மறைந்தார். யாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தவர், நோயின் பெயரை மாத்திரம் அறியார்.

மூளையிலும் முண்ணாணிலும் நரம்பிழைகளின் உறை இடமிடமாகச் சிதையும் அந்நோயை, பாரிஸ் நகர வைத்தியர் ஷார்க்கோ 1868இல் தனிநோயென விளக்கினார். அதுவே மல்ட்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ்.

1996இல் நிபுணர்கள் அதனை நான்கு வகையாக வகுத்தனர். தாக்கித் தணிவது ஒன்று. அவ்வாறு தொடங்கிப் பின்பு முற்றுவது மற்றொன்று. டெஸ்டேயின் உடலில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. ஆதலின் இவற்றை ஒரே நோயின் இரு பருவங்கள் எனலே பொருந்தும். மூன்றாவது, தொடக்கமுதலே முற்றுவது. அவ்வாறு முற்றுகையில் இடையிடையே தாக்குவதாகக் கூறப்பட்ட நான்காவது வகை, 2014இல் வெளியான திருத்தத்தில் கைவிடப்பட்டது.

இப்பிரிவு வெறும் ஏட்டுவேலையன்று. தாக்கித் தணியும் வகைக்கு 1993இலேயே அமெரிக்காவில் ஒரு மருந்து அங்கீகாரம் பெற்றது. தொடக்கமுதலே முற்றும் வகையினரோ 2017 வரை காத்திருந்தனர்.