கூப்பிடும் உரிமை: தலித் கிறித்தவ வரலாற்றில் கடவுளோடு தனி உறவு



"ஆண்டவரோடு உனக்குத் தனிப்பட்ட உறவு உண்டா?" சேரிகளிலும் காலனிகளிலும் நடக்கும் ஜெபக் கூட்டங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி கேட்கப்படுகிறது. நம்மில் சிலர் இதை வெறும் மயக்கம் என்று தள்ளிவிடுகிறோம். சிலர் கண்ணீரோடு "உண்டு" என்கிறோம். தள்ளுவதும் ஏற்பதும் அவரவர் விருப்பம். இந்தக் கேள்வியை நம் முன்னோர் எப்படிக் கையாண்டார்கள், அதை வைத்து அவர்களை மற்றவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பது வரலாறு. அந்த வரலாற்றைத்தான் இன்று பேச விரும்புகிறோம்.

1. சிதம்பரத்துக்குப் போன இருவர்

ஆதனூர் நந்தன் கதையை நாம் அறிவோம். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் அவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போனது. அவர் போக முடியவில்லை. 'நாளைப் போவேன்' என்று நாளைக் கடத்தியவர், கடைசியில் தீயில் இறங்கித் தன் உடம்பைத் தொலைத்த பிறகே தில்லைக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டதாகப் பெரியபுராணம் சொல்லுகிறது. கடவுளைக் காண வேண்டுமானால் பறையன் பறையனாக இருக்கக் கூடாது என்பதே அந்தக் கதை நமக்கு விதித்த நிபந்தனை.

அதே சிதம்பரத்துக்கு 1799இல் தென்கோடியிலிருந்து இன்னொருவர் நடந்தார். கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர் குலத்தவர். தேடிப்போனது கிடைக்காத மனக்கசப்போடு அவர் திரும்பியதாகக் குமரிச் சபை வரலாறு சொல்லுகிறது. வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அவர்கள் கிறித்தவர்கள். அங்கே கோலாப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். அவருடைய அழைப்பின் பேரில்தான் இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது.

இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். மிஷனெரி வந்து சாம்பவரைத் தேடவில்லை. சாம்பவர்தான் முதலில் தேடினார், கண்டடைந்தார், மிஷனெரியை வரவழைத்தார். 'அரிசிக் கிறித்தவர்' என்ற ஏச்சுக்கு வேதமாணிக்கத்தின் நடைப்பயணமே பதில். இரண்டு நூற்றாண்டுக்கு முன் ஒரு தீண்டப்படாதவர் தன் கடவுளைத் தானே தேர்ந்தார் என்பது ஆன்மிகச் செய்தி மட்டுமல்ல, அரசியல் செய்தியும்கூட.

2. ஆளாக ஆவது

1706 ஜூலையில் சீகன்பால்கும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். மறு ஆண்டு மே மாதம் அவர்கள் கையால் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர்களின் வீட்டு அடிமைகள். அடிமைக்கு ஆண்டை உண்டு. தனக்கென்று ஒரு சொல் கிடையாது. அந்த அடிமை 'எங்கள் பிதாவே' என்று தன் வாயால் சொல்லும்போது, ஆண்டையைத் தாண்டி ஒருவரை நேரே கூப்பிடுகிறான். பூசாரி இல்லை, தரகர் இல்லை, தூர நிற்க வேண்டிய அடிக்கணக்கும் இல்லை.

பண்ணையாட்களுக்கு ஆண்டைகள் வைத்த பெயர்கள் எப்படிப்பட்டவை என்பது நமக்குத் தெரியும். கூப்பிடும்போதே கூனவைக்கும் பெயர்கள் அவை. ஞானஸ்நானத்தில் ஆளுக்கொரு பெயர் கிடைத்தது. அது சபைப் பதிவேட்டில் எழுதவும்பட்டது. 'தனிப்பட்ட உறவு' என்பதில் 'தனி' என்ற சொல்லை இங்கே வைத்துத்தான் படிக்க வேண்டும். கும்பலாகவும் கூலியாகவும் மட்டுமே எண்ணப்பட்டவர்கள் தனி ஆளாக அழைக்கப்பட்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிய 1855 ஆயிற்று. சட்டம் வருவதற்கு முன்பே ஜெபம் அவர்களை ஆளாக்கியிருந்தது.

3. மனதுக்குள் இயேசு, வரிசையில் சாதி

ஆனால் கதை இத்தோடு நின்றுவிடவில்லை. தஞ்சை மன்னரின் படையில் இருந்த இராஜநாயக்கன் பறையர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சீகன்பால்கு மொழிபெயர்த்து அச்சான தமிழ் நற்செய்தி நூல் கைக்கு வந்தபோது அதைத் தானே படித்து, தானே முடிவெடுத்துத் தரங்கம்பாடி மிஷனில் சேர்ந்தவர். தஞ்சைப் பகுதியில் பல்லாண்டு உபதேசியாராக உழைத்தவர். 1741இல் தமிழர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்கும் பேச்சு வந்தபோது அவர் பெயரும் எழுந்தது. ஆனால் பறையர் கையிலிருந்து சாதிக் கிறித்தவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று மிஷன் அவரை ஒதுக்கியது. பட்டம் தியோகுவுக்குப் போனது.

அவருடைய பக்தியில் யாரும் குறை சொல்லவில்லை. கடவுளோடு அவருக்கிருந்த உறவை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த உறவு அவர் மனதோடு இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. அது அப்பமாகவும் இரசமாகவும் அவர் கையில் வந்து நின்றபோதுதான் தீட்டாயிற்று. நம் வரலாற்றில் 'தனிப்பட்ட உறவு' என்ற சொல் தடம் மாறிய இடம் இதுவே. தனி என்பது நேரடி என்ற பொருளை இழந்து அந்தரங்கம் என்ற பொருளுக்குள் அடைக்கப்பட்டது. ஆண்டவர் உள்ளத்தில் இருக்கட்டும், சாதி பாயிலும் பாத்திரத்திலும் இருக்கட்டும் என்று ஒரு சமரசம் உண்டானது. தரங்கம்பாடி ஆலயத்தில் உட்காரும் இடமே சாதிப்படி பிரிந்திருந்தது.

இந்தச் சமரசத்தை எதிர்த்த குரல்களும் திருச்சபைக்குள் எழுந்தன. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். சாதிக் கிறித்தவர் பலர் சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டுப் போனார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரி மாநாடு, சாதியைத் துறந்தவர் என்றால் பிற சாதியார் சமைத்ததை உண்ண வேண்டும் என்ற அளவுக்குப் போனது. பக்தியை நாவால் அளக்காமல் சோற்றால் அளந்த அந்தத் தீர்மானம் முக்கியமானது. ஆனால் தீர்மானம் ஏட்டில் நின்ற ஊர்களே அதிகம். வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம் இரண்டு சாதிகளுக்கு இரண்டு கூடங்களாகவே கட்டப்பட்டது. தடுப்பை இடிக்க 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவேயும் சுவர் எழும்பியது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதையொட்டி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள்.

அரசும் இந்தப் பிளவை வேறு வழியில் பயன்படுத்திக்கொண்டது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. சேரியில் பிறந்து, சேரியில் வாழ்ந்து, தனிக் கல்லறையில் புதைக்கப்படுகிறவரிடம், நீ ஜெபிக்கிறாய், ஆகவே உனக்குச் சாதி இல்லை என்கிறது சட்டம்.

4. பெத்தவரும் ஒரே உலையும்

இந்தப் பிளவை இறையியலாகவே எதிர்கொண்டவர் 'பரட்டை' என்று அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். கீர்த்தனையும் வடமொழிச் சொல்லும் நிறைந்த வழிபாட்டு மொழியில் சேரிச் சனங்கள் தங்கள் கடவுளிடம் அந்நியர்போல் பேசவேண்டியிருந்ததைக் கண்டார். நாட்டுப்புற மெட்டையும் பேச்சுத் தமிழையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கடவுளை 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அப்பன் என்றும் ஆத்தாள் என்றும் பிரிக்காத சொல் அது. பெற்ற ஒருவரிடம் பிள்ளை எப்படிப் பேசுமோ அப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தது.

அவர் அங்கே நின்றிருந்தால் அது இன்னொரு அந்தரங்க பக்தியாக முடிந்திருக்கும். பெத்தவர் ஒருவர் என்றால் பிள்ளைகள் ஒரே உலையில் பொங்கித் தின்ன வேண்டும் என்று அவர் அடுத்த அடியையும் வைத்தார். வீட்டுக்கு வீடு அரிசி கொண்டுவந்து ஒன்றாக வேகவைத்து உண்பதே திருவிருந்து என்றார். இராஜநாயக்கன் கையிலிருந்து வாங்க மறுக்கப்பட்ட அப்பத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து வந்த பதிலாகவே நாம் இதைப் படிக்கிறோம். 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' வேறொரு பதில். பயமுறுத்திக் கற்றுத்தரப்பட்ட கடவுளையும் ஏழைகளின் பக்கம் நிற்கும் இயேசுவையும் அவர் பிரித்துக் கண்டார். மடத்தை விட்டு வெளியே வந்தார். உறவு உண்மையாக இருந்ததால்தான் அவரால் நிறுவனத்தோடு சண்டை போட முடிந்தது.

5. நம் வேலை

ஆகவே தோழர்களே, நம் பாட்டிமாரின் ஜெபத்தை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை. யாரும் பேசக் கேட்காத காலத்தில் அவர்கள் பேசிய பேச்சு அது. அதே வேளை, அந்த ஜெபத்தைக் காட்டி 'உன் உறவைப் பார்த்துக்கொள், வரிசையைக் கேட்காதே' என்று சொல்லும் எந்தப் போதகரையும் சும்மா விடவும் வேண்டியதில்லை. உறவு உண்மையா என்று சோதிக்க நம்மிடம் எளிய கேள்விகள் உண்டு. யார் கையால் அப்பம் வருகிறது? பங்குப் பேரவையில் யார் உட்காருகிறார்கள்? தேர் எந்தத் தெருவில் திரும்புகிறது? பிணம் எந்த வழியாகப் போகிறது?

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுங்கள். முதலில் பெயர் எழுதப்பட்டவர் யார், அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று கண்டுபிடியுங்கள். பெரியவர்கள் ஜெபிக்கும் சொற்களை அவர்கள் அனுமதியோடு பதிவு செய்யுங்கள். மிஷனெரிகள் தங்கள் கடிதங்களை எழுதிப் பத்திரப்படுத்திவிட்டார்கள். வேதமாணிக்கத்தைத் தஞ்சையில் தங்கவைத்த அந்த உறவினர்களைப் பற்றி இனி நாம்தான் எழுத வேண்டும்.