இலாகா போர்டில் வெளியார்: வைட்ஹாலில் சுயேச்சை டைரக்டர் பதவியின் வரலாறு

பிரிட்டனில் அரசாங்க இலாகா ஒவ்வொன்றுக்கும் இன்று ஒரு போர்டு உண்டு. மந்திரி அதற்குத் தலைமை வகிக்க, உப மந்திரிகளும், நிரந்தரக் காரியதரிசி முதலான உயர் அதிகாரிகளும், அவர்களுக்கு ஏறக்குறைய ஈடான தொகையில், அரசாங்க உத்தியோகத்தில் இல்லாத வெளியார் சிலரும் அதில் அங்கம் வகிக்கின்றனர். பெரும்பாலும் வியாபார உலகில் பெயர் பெற்றவர்களாகிய இவ்வெளியாரை நிர்வாகம் சாராத சுயேச்சை டைரக்டர்கள் என்று வழங்குவார்கள். கம்பெனி உலகில் வளர்ந்த இப்பதவி, பார்லிமெண்டுக்குப் பொறுப்பான மந்திரி ஒருவரே சகலத்துக்கும் ஜவாப்தாரி என்னும் கொள்கையின்மீது எழுந்த ஓர் அரசியலமைப்புக்குள் எவ்வாறு புகுந்தது, புகுந்தபின் அதற்கு என்ன அதிகாரம் வாய்த்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒருவருடைய சுயேச்சை அவருடைய குணத்தால் மட்டும் அமைந்துவிடுவதில்லை. அவரை நியமிப்பவர் யார், நீக்கக்கூடியவர் யார், எதைத் தடுக்கச் சட்டம் அவருக்கு இடம் தருகிறது என்பவற்றாலேயே அது பெரிதும் நிர்ணயிக்கப்படுகிறது என்பது இவ்வரலாற்றைப் பயிலுகையில் எனக்குப் படுகிற அபிப்பிராயம்.

போர்டு என்ற அமைப்பு, லண்டனில் அரசாங்க இலாகாக்களின் இருப்பிடமாகிய வைட்ஹாலுக்குப் புதிதன்று. கடற்படைக்கு அட்மிரால்டி போர்டு, வர்த்தகத்துக்கு ஒரு போர்டு, பொக்கிஷத்துக்குக் கமிஷனர் பிரபுக்கள் என்று, பழைய ஆங்கில நிர்வாகமே பலர் கூடி முடிவு செய்யும் சபைகளால் நடைபெற்றது. ஆனால் பார்லிமெண்டின் ஆதிக்கம் வலுக்க வலுக்க இச்சபைகள் ஒவ்வொன்றாக உயிரிழந்து பெயரளவில் எஞ்சின. காண்டர்பரி ஆர்ச்பிஷப்பும் அங்கத்தினராக இருந்த வர்த்தக போர்டு 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் நெடுங்காலம் கூடி வேலை செய்யும் சபையாக இருக்கவில்லை. 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய கல்வி போர்டோ, தன் ஆயுள் முழுவதும் ஒரு முறைகூடக் கூடியதில்லை என்பர். சேப்பாக்கத்து ரெவினியூ போர்டு 1980 வரையில் மெய்யாகவே அலுவல் பார்த்ததை அறிந்த நம்மவருக்கு இச்செய்தி சற்று விசித்திரமாகவே தோன்றும்.

சபைகள் இவ்வாறு மெலிந்ததற்கு ஒரு துன்பக் கதையும் காரணமாயிற்று. 1834-இல் ஏழைகள் சட்டத்தைத் திருத்தியபோது, அதன் நிர்வாகத்தைக் கட்சி அரசியலிலிருந்து விலக்கி வைக்கக் கருதி, மூன்று கமிஷனர்களிடம் ஒப்படைத்தார்கள். எட்வின் சாட்விக் அவர்களுக்குக் காரியதரிசியானார். பார்லிமெண்டில் அவர்கள் சார்பில் எழுந்து பதில் சொல்லக் கடமைப்பட்ட மந்திரி எவரும் இல்லை. 'சோமர்செட் மாளிகையின் மூன்று பாஷாக்கள்' என்று ஜனங்கள் அவர்களை ஏளனம் செய்தனர். ஆண்டோவர் ஊரின் ஏழைகள் விடுதியில், உரத்துக்காக எலும்பு நொறுக்கும் வேலையில் விடப்பட்டவர்கள், பசி பொறுக்கமாட்டாமல் அந்த எலும்புகளில் ஒட்டியிருந்த மச்சையைத் தின்ற செய்தி 1845-இல் வெளியாகி, மறு ஆண்டு காமன்ஸ் சபையின் விசாரணைக்கு வந்தபோது, கமிஷனின் கதி நிச்சயமாகிவிட்டது. 1847-இல் அது கலைக்கப்பட்டு, பார்லிமெண்டில் அமரக்கூடிய தலைவரை உடைய வேறொரு போர்டு ஏற்பட்டது. பதில் சொல்ல ஆளில்லாத சுயேச்சை ஆபத்தானது என்ற எண்ணம் ஆங்கில அரசியல்வாதிகளின் மனத்தில் ஆழப் பதிந்ததற்கு இந்நிகழ்ச்சி ஒரு முக்கிய ஹேது.

இதற்கு மாறான முயற்சி ஒன்றும் அந்நூற்றாண்டிலேயே நடந்தது. நம் தேசத்தோடு சம்பந்தப்பட்டதாயினும், நவீன சுயேச்சை டைரக்டரைப் பற்றி எழுதுவோர் அதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து, 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியா மந்திரி என்ற பதவி சிருஷ்டிக்கப்பட்டபோது, அவர் அருகே 15 அங்கத்தினர் கொண்ட இந்தியா கவுன்சில் ஒன்றும் நிறுவப்பட்டது. அவர்களுள் பெரும்பான்மையோர் இந்தியாவில் பத்தாண்டுகளேனும் இருந்தவர்களாயிருக்க வேண்டும். ஒருவரும் பார்லிமெண்டில் அமரலாகாது. நன்னடத்தையுள்ளவரை பதவி அவர்களுக்கு உரியது. இரு சபைகளும் சேர்ந்து விண்ணப்பித்தாலொழிய அவர்களை விலக்க இயலாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, இந்தியாவின் வருமானத்திலிருந்து பணம் ஒதுக்க வேண்டுமானால் கவுன்சிலின் பெரும்பான்மை வாக்கு மந்திரிக்குத் தேவைப்பட்டது. தஞ்சாவூர் மிராசுதாரர் செலுத்திய கிஸ்தியும் சேர்ந்த அவ்வருமானத்தைக் காக்க லண்டனில் அமர்த்தப்பட்டவர்கள் ஆங்கிலேயரே என்பதும், 1907 வரையில் இந்தியர் ஒருவரும் அச்சபையில் இடம் பெறவில்லை என்பதும் வேறு விஷயம். வரி கொடுத்தவனுக்கு அக்கவுன்சில் எவ்வகையிலும் பிரதிநிதியன்று. ஆயினும் அமைப்பு என்ற அளவில் நோக்கினால், இலாகாத் தலைவரின் கையைச் சட்டத்தின் துணைகொண்டு பிடிக்கக்கூடிய வெளியார் குழு ஒன்று பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தென்படவில்லை. மந்திரிகள் அதை நெடுநாள் பொறுக்கவில்லை. 1869-ஆம் ஆண்டுச் சட்டம் நியமனங்கள் அனைத்தையும் மந்திரியின் கைக்கு மாற்றிப் பதவிக் காலத்தையும் பத்தாண்டாகக் குறுக்கியது. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலையே அகற்றி, அதன் ஸ்தானத்தில் ஆலோசகர்களை அமர்த்தியது.

1918-இல், அரசாங்க இயந்திரத்தின் அமைப்பை ஆராய்ந்த ஹால்டேன் கமிட்டி, இலாகா நிர்வாகத்துக்குப் போர்டு முறை பொருந்தாது, பொறுப்பு மந்திரி ஒருவரிடமே குவிய வேண்டும் என்று தீர்மானித்தது. வெளியாரின் அனுபவம் வேண்டுமானால் ஆலோசனைக் கமிட்டிகள் போதும் என்றது. 1943-இல் கார்ல்ட்டனா வழக்கில் அப்பீல் கோர்ட்டு, அதிகாரி செய்வது மந்திரி செய்ததே என்று கொண்டது. அவ்வழக்கில் பிரதிவாதிகளான பொதுமராமத்துக் கமிஷனர்களும் ஒருபோதும் கூடாத சபையினரே என்பது படித்து ரசிக்கத்தக்க செய்தி.

வியாபாரிகள் மறுபடியும் வைட்ஹாலுக்குள் வந்தது சிக்கனத்தின் பெயரால். 1979-இல் மார்கரெட் தாட்சர், மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் நிறுவனத்தின் டெரிக் ரெய்னரை அழைத்து, இலாகாக்களின் வீண் செலவை ஆராயச் சொன்னார். இப்பணிக்காக அவர் எந்த இலாகா போர்டிலும் அமரவில்லை. பிரதம மந்திரியின் நேரடி ஆதரவே அவருடைய பலம். இதற்கிடையே கம்பெனி உலகில் மாக்ஸ்வெல் ஓய்வூதிய நிதி மோசடி, பி.சி.சி.ஐ. பாங்கின் வீழ்ச்சி முதலிய சம்பவங்கள் முதலீட்டாளரைத் திடுக்கிடச் செய்தன. அக்காலத்தில் அமைந்த கேட்பரி கமிட்டி, 1992 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், ஒவ்வொரு போர்டிலும் நிர்வாகம் சாராத டைரக்டர் மூவராவது இருத்தல் வேண்டுமென்று சிபாரிசு செய்தது. கம்பெனியில் அவர்களுடைய குரலுக்கு மதிப்புண்டானதற்குக் காரணம் வெளிப்படை: போர்டுக்குச் சட்டபூர்வமான அதிகாரம் உண்டு, நிர்வாகத் தலைவரை அது நீக்கலாம், அவர்களுக்குப் பின்னால் பங்குதாரர்கள் இருக்கிறார்கள்.

இம்முறையை இலாகாக்களுக்கு எடுத்துவந்தது பொக்கிஷ இலாகா 2005 ஜூலையில் வெளியிட்ட நடைமுறை விதித்தொகுப்பு. நிரந்தரக் காரியதரிசி தலைமை வகிக்கும் போர்டில் வெளியார் இருவரேனும் வேண்டும் என்ற அளவோடு அது நின்றது. 2010-இல் கூட்டணி அரசாங்கம் பதவிக்கு வந்ததும், காபினெட் அலுவலக மந்திரி பிரான்சிஸ் மாட், பி.பி. எண்ணெய்க் கம்பெனியின் முன்னாள் தலைமை நிர்வாகி பிரௌன் பிரபுவை அரசாங்கம் முழுவதுக்கும் தலைமைச் சுயேச்சை டைரக்டராக அமர்த்தினார். 2011-இல் திருத்தப்பட்ட விதிகள் மந்திரியையே போர்டின் தலைவராக்கின. ஒவ்வொரு போர்டிலும் நால்வரேனும் வெளியார். அவர்களுள் பெரும்பான்மையோர் தனியார் தொழில்துறையினர். சன்மானம் சாதாரணமாக ஆண்டுக்கு 15,000 பவுன். காரிய சித்திக்கு நிரந்தரக் காரியதரிசி இடையூறாக இருப்பதாக அவர்கள் கருதினால், அவரை விலக்குமாறு பிரதம மந்திரிக்கும் இலாகா மந்திரிக்கும் சிபாரிசு செய்யலாம் என்ற விதி அப்போது பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

இவ்விதிகளைக் கூர்ந்து படிப்பவர், அவை கொடுத்ததைவிடக் கொடுக்காததே அதிகம் என்பதைக் காண்பர். கொள்கையை முடிவு செய்வோர் மந்திரிகள் மட்டுமே. போர்டு அதை நடத்துவதில் உள்ள சாத்தியாசாத்தியங்களைப் பற்றி ஆலோசனை சொல்லும். அதன் வாக்கு எவரையும் கட்டுப்படுத்தாது. காரியதரிசியை நீக்கச் சொல்லலாம். மந்திரியைப் பற்றி அத்தகைய சொல் ஒன்றும் இல்லை. தலைமையை மந்திரிக்குக் கொடுத்ததால் போர்டின் கௌரவம் உயர்ந்தது மெய்தான். ஆனால் கண்காணிக்க வந்தவர் கண்காணிக்கப்பட வேண்டியவரின் தலைமையில், அவரே தேர்ந்தெடுத்தவராக அமர வேண்டியதாயிற்று. மந்திரி மாறினால் போர்டின் மீதுள்ள அக்கறையும் மாறும். லண்டன் யூனிவர்சிடி காலேஜின் அரசியலமைப்பு ஆய்வுப் பிரிவு 2018-இல் வெளியிட்ட ஆய்வு, போர்டுக் கூட்டங்களைவிட அவற்றுக்கு வெளியே தனித்தனியாக அளிக்கும் யோசனையாலேயே இவர்கள் அதிகம் பயன்பட்டனர் என்ற அபிப்பிராயத்துக்கு வந்தது. நியமனங்களைப் பற்றிய சந்தேகமும் வளர்ந்தது. மந்திரிகளின் கட்சி நண்பர்களும் பழைய சகாக்களும் இவ்விடங்களுக்கு வருவதாகக் கண்டனம் எழ, பொதுவாழ்வின் ஒழுக்க நெறிகளுக்கான கமிட்டி 2021-இல், பிற பொது நியமனங்களைப் போல் இதுவும் முறைப்படுத்தப்பட வேண்டும் என்றது.

ஆயினும் இப்பதவி வீணென்று தள்ளிவிடுவது அவசரமாகும். ஒவ்வோர் இலாகாவிலும் தணிக்கைக்கும் அபாய மதிப்பீட்டுக்கும் ஒரு கமிட்டி உண்டு. அதன் தலைவர் சுயேச்சை டைரக்டருள் ஒருவர். அங்கே அவருடைய சொல்லுக்குக் கனம் இருப்பதற்குக் காரணம் 2010-ஆம் ஆண்டுச் சீர்திருத்தமன்று, அதற்கு மிக முற்பட்டதொரு ஏற்பாடு. 1861-இல் காமன்ஸ் சபை தோற்றுவித்த பொதுக் கணக்குக் கமிட்டியின் முன், இலாகாவின் செலவுக்கு நிரந்தரக் காரியதரிசி கணக்கு அதிகாரி என்ற ஹோதாவில் சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டும். செலவு தகாதது என்று அவர் கருதினால், மந்திரியின் எழுத்து மூலமான உத்தரவைக் கேட்டு வாங்கலாம். மலேசியாவின் பெர்காவ் அணைக்கட்டுக்கு 23 கோடி பவுனுக்கு மேற்பட்ட உதவி அளிக்க 1991-இல் முடிவானபோது, வெளிநாட்டு உதவி நிர்வாகத்தின் நிரந்தரக் காரியதரிசி டிம் லாங்கெஸ்டர் அவ்வாறே கேட்டு வாங்கினார்; அந்த உதவி சட்ட விரோதமென்று 1994-இல் ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. இத்தகைய விசாரணைக்கு என்றேனும் ஆளாகக்கூடிய அதிகாரி, ஆண்டுதோறும் இலாகாவின் கணக்கிலும் நிர்வாக அறிக்கையிலும் தம் கையெழுத்தை இடுமுன், தணிக்கைக் கமிட்டித் தலைவர் எழுப்பும் ஆக்ஷேபத்தை அலட்சியம் செய்வது அரிது. அதற்கு மந்திரி போர்டைக் கூட்டினாரா இல்லையா என்று பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.