துணைப்பொறி: பாய்மரப் படகின் பின்தலையில் ஒரு சொல்லின் வரலாறு

பாய்மரப் படகில் பொருத்தப்படும் சிறு பொறிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இரண்டு அடைகளை உடையது. ‘அவுட்போர்டு’ என்னும் அடை பொறியின் இடத்தைச் சுட்டுகிறது. படகின் பலகைக்கு வெளியே தொங்குவது என்பது அதன் பொருள். ‘ஆக்சிலரி’ என்னும் அடை அதன் தகுதியைச் சுட்டுகிறது. பாயே தலைமை, பொறி அதற்குத் துணை என்பது அதன் பொருள். முன்னதைப் படகைப் பார்த்த மாத்திரத்தில் அறியலாம். பின்னதையோ படகு ஓடும் முறையை அறிந்தவரே கூற இயலும். இவ்விரு அடைகளுள் பின்னது நம் கரையில் ஒரு தலைமுறைக் காலத்திற்குள் பொருள் தலைகீழாகி, பின் பொருளற்றும் போயிற்று. அம்மாற்றத்தைப் பதிவு செய்த அலுவலகத் தமிழ் அதனைப் பல இடங்களில் மறைத்தும் விட்டது. மொழிபெயர்ப்பாளர் இவ்வரலாற்றை அறிந்திராவிடில் நேரும் பிழை சொற்பிழையோடு நில்லாது.

படகிலிருந்து கழற்றி எடுத்துச் செல்லத்தக்க பொறியை முதன்முதலில் ஓட்டிக் காட்டியவர் பிரெஞ்சுப் பொறியாளர் குஸ்தாவ் த்ரூவே. 1881இல் பாரிசில் சேன் ஆற்றில் அவர் ஓட்டிய படகில் மின்பொறியும் விசிறியும் சுக்கானும் ஒரே தொகுதியாகப் பின்தலையில் அமைந்திருந்தன. எனினும் இக்கருவி பரவலானது பெட்ரோல் பொறியின் வரவுக்குப் பின்னரே. அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மன் 1907இல் தம் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பொறி ஒன்றரைக் குதிரைத்திறனும் 62 பவுண்டு எடையும் உடையது. இவை துடுப்புப் படகை மனத்திற் கொண்டு செய்யப்பட்டவை. துடுப்புப் படகின் பின்புறம் தாழ்ந்து, தட்டையான பலகையால் மூடப்பட்டிருக்கும். அப்பலகையின் மேல்விளிம்பில் பொறியை மாட்டி, இரண்டு திருகுகளை இறுக்கினால் வேலை முடிந்தது.

பாய்மரப் படகு இதற்கு எளிதில் இடங்கொடுக்கவில்லை. அதன் பின்புறம் உயர்ந்திருக்கும். ஆகவே பொறியின் தண்டு நீள வேண்டும். இன்று 15, 20, 25 அங்குலம் என வெவ்வேறு தண்டு நீளங்களில் பொறிகள் செய்யப்படுவதன் காரணம் இதுவே. பின்பலகையின் நடுவிடத்தைச் சுக்கான் பிடித்துக்கொள்வதால் பொறி ஒருபுறம் ஒதுங்க நேரிடுகிறது. ஒதுங்கிய பொறி, படகு பாயின் விசையால் மறுபுறம் சாயும்போது நீரைவிட்டு மேலெழும். அலையில் பின்தலை தூக்கும்போதும் அவ்வாறே. நீரை இழந்த விசிறி வெறுமனே சுழன்று இரையும், தள்ளுவதில்லை. பாய் விரித்து ஓடுகையில் நீரினுள் நிற்கும் விசிறியோ படகைப் பின்னிழுக்கும். இவ்விரண்டிற்கும் தீர்வாகவே மேலும் கீழும் நகரும் தாங்கிகள் தோன்றின. பொறி வேண்டும்போது தாழ்த்தி, வேண்டாதபோது உயர்த்திவைப்பது என்பதே துணைப்பொறியின் இலக்கணம். ‘துணை’ என்பது இங்கு உவமை அன்று. இரும்பால் செய்த ஒரு தாங்கியின் அசைவு அது.

எத்துணைத் திறன் வேண்டும் என்பதிலும் பாய்மரப் படகு தனிப்போக்கு உடையது. நீரை விலக்கிச் செல்லும் உடலமைப்புடைய படகின் வேகத்திற்கு அதன் நீளமே எல்லை வகுக்கிறது. நீர்மட்டத்தில் 16 அடி நீளமுள்ள படகு மணிக்கு ஐந்து கடல் மைலைச் சற்றே கடக்கும். 25 அடி நீளமுள்ளது ஏழு கடல் மைலை எட்டாது. அவ்வெல்லையை அண்மியபின் குதிரைத்திறனை இருமடங்காக்கினும் அலை பெரிதாகுமேயன்றி வேகம் பெரிதாவதில்லை. எனவே இத்தகைய படகுக்கு வேண்டுவது விரைந்து சுழலும் சிறு விசிறி அன்று. மெல்லச் சுழலும் பெரிய விசிறி. இதனை நன்குணர்ந்து செய்யப்பட்டது இங்கிலாந்தின் ‘சீகல்’ பொறி. 1931இல் வுல்வர்ஹாம்ப்டனில் தொடங்கிப் பின்னர்ப் பூல் துறைமுகத்திற்குப் பெயர்ந்த இப்பொறி, 1996இல் உற்பத்தி நின்றது வரையில் அந்நாட்டுச் சிறு பாய்ப்படகுகளின் பின்தலையில் காணப்பட்ட வழக்கமான துணை. கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்பும் இது இரைச்சலும் எண்ணெய்க் கசிவும் மிக்கது. ஆயினும் காற்று விழுந்தபோது துறைமுகம் வரை கொண்டுவந்து சேர்ப்பதற்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

கடற்சட்டமும் இவ்வேறுபாட்டைக் கூர்மையாகக் கையாள்கிறது. கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகள், பொறி பொருத்தப்பட்டிருப்பினும் அது இயங்காதவரை பாயில் ஓடும் கலத்தைப் பாய்க்கலம் என்றே கொள்கின்றன. பாயோடு பொறியும் இயங்கத் தொடங்கிய நொடியில் அது பொறிக்கலம் ஆகிவிடும். பகலில் அதனைப் பிறர் அறியும்பொருட்டு, கூர்முனை கீழ்நோக்கிய ஒரு கூம்பினை முன்புறத்தில் தூக்கிக் காட்டுதல் வேண்டும். ‘பொருத்திய’ என்பதற்கும் ‘இயங்கும்’ என்பதற்கும் இடையேயுள்ள தொலைவே எக்கலம் வழிவிட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இவ்விதியைத் தமிழாக்குபவர் இரண்டையும் ‘பொறியுடைய’ என்னும் ஒரே சொல்லில் அடக்கினால் விதியே கவிழ்ந்துவிடும்.

இனி நம் கரைக்கு வரலாம். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி வெளியிட்ட விரிவான ஆய்வில் காணப்படும் கலங்களுள் கட்டுமரத்திற்கும் இருமுனையும் கூர்ந்த வள்ளத்திற்கும் பொதுவான ஒரு குறை உண்டு. பொறியை மாட்டுதற்குரிய பின்பலகை இரண்டிலும் இல்லை. குறை என்பது பொறியின் நோக்கில்தான். அலை உடையும் மணற்கரையில் இருபுறமும் கூர்ந்திருப்பதே நன்மை. 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் பணிதொடங்கிய இந்திய–நார்வேத் திட்டம் முதலில் உள்ளூர்க் கலங்களிலேயே உட்பொறியைப் பொருத்த முயன்று, அது கைகூடாமற்போகவே புதிய படகுகளுக்குத் திரும்பியது. உடலினுள் நிலையாக அமைந்த பொறியின் விசிறி படகின் அடியில் நிலையாக நீண்டு நிற்பது. நாள்தோறும் அலையைக் கிழித்து மணலில் ஏறும் கலத்திற்கு அது ஒவ்வாது.

வெளிப்பொறி வென்றதன் காரணம் இங்கேதான் உள்ளது. அதனைத் தூக்கிச் சாய்க்கலாம். கரையேறும் தறுவாயில் விசிறியை நீரினின்று உயர்த்தி, கடைசி அலையின் தள்ளலோடு மணலில் ஏறலாம். (இதிலும் இடர் உண்டு, விசை மிகுதியும் வேண்டிய அதே கணத்தில்தான் பொறியைத் தூக்க வேண்டியிருக்கிறது.) பின்பலகையில்லாக் குறையைக் கரைத் தச்சர்கள் தம் வழியில் தீர்த்தனர். வள்ளத்தின் பின்தலையை அடுத்துக் குறுக்குக் கட்டை பிணைத்து, அது பக்கவாட்டில் நீளும் இடத்தில் பொறியை மாட்டினர். கேரளக் கரையில் 1980களில் இப்பொறிகள் வெகுவாகப் பெருகின. இழுவலைப் படகுகளோடு போட்டியிட வேண்டிய நெருக்கடி இதற்கு ஒரு முதன்மைக் காரணம். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்குத் திரும்பும் முறையும் உடன் வந்தது.

தொடக்கத்தில் பொறி இங்கும் துணையாகவே இருந்தது. சோழமண்டலக் கரையில் விடியலில் நிலக்காற்றில் கடலேகி, பிற்பகல் கடற்காற்றில் கரைதிரும்புவது பாய் வகுத்த கால அட்டவணை. அவ்வட்டவணை பொய்த்த நாளில் உதவுவதே சிறு பொறியின் பணி. ஆனால் சந்தைக்கு முந்தி வந்தவர் நல்ல விலை பெற்றபின், காற்றுக்குக் காத்திருப்பது இழப்பாயிற்று. எரிபொருள் விலை ஏறியபோது கருத்து மீண்டும் ஒருமுறை பாயின் பக்கம் திரும்பியது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் படகுகளை வடிவமைத்ததோடு எரிபொருட் சிக்கனத்தையும் ஆராய்ந்தது. சிறு மீன்பிடி படகுகளின் எரிபொருட் செலவைக் குறைப்பது பற்றி குல்பிரான்சென் எழுதி 1986இல் அத்திட்டம் வெளியிட்ட நூல் குறிப்பிடத்தக்கது. இத்தகைய எழுத்துகளில் பாய் என்பது பொறியின் செலவைக் குறைக்கும் துணைக்கருவி. ‘துணை’ என்னும் அடை பொறியைவிட்டுப் பாய்மேல் ஏறி அமர்ந்த இடம் இது. சொல் மாறவில்லை, தாங்கி நிற்கும் பொருள் மாறிவிட்டது.

அந்நிலையும் நிலைக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப்பின் வழங்கப்பட்ட உதவிகளால் தமிழகக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. கட்டுமரங்களின் எண்ணிக்கை வீழ்ந்தது. இப்படகு பொறிக்கென்றே செய்யப்படுவது. பின்பலகை இதன் உடலிலேயே உண்டு. பாய்மரம் இதற்கு இன்றியமையாத உறுப்பன்று. பொறி பழுதானால் மற்றொரு படகு கயிறு கட்டி இழுத்துவர வேண்டும். எதற்கும் துணையல்லாத ஒன்றைத் துணைப்பொறி என்பது பொருந்தாது.

அலுவலகத் தமிழ் இதனை எவ்வாறு எதிர்கொண்டது? தமிழக அரசின் மானியத் திட்டங்களில் ‘வெளிப்பொருத்தும் இயந்திரம்’ என்னும் தொடர் நிலைபெற்றுள்ளது. இலங்கையில் ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்பர். இரண்டும் நல்லாக்கங்களே. ஆங்கிலம் இடத்தை மட்டும் கூற, தமிழ் பொருத்தும் செயலையும் சேர்த்துக் கூறுகிறது. சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. மீன்துறைக் கணக்கெடுப்புகள் கலங்களை மூன்றாகப் பகுக்கின்றன. வலையிழுத்தல் முதலிய தொழிலுக்கும் பொறியைப் பயன்படுத்துவன ஒரு வகை. செலுத்துதற்கு மட்டுமே பொறிகொண்டு, கையால் மீன்பிடிப்பன மற்றொரு வகை. பொறியே இல்லாதன மூன்றாவது. ஆங்கிலத்தில் முதலிரண்டும் ‘மெக்கனைஸ்டு’, ‘மோட்டரைஸ்டு’ என வேறுபட நிற்கின்றன. அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பில் இரண்டுமே ‘இயந்திரமயமாக்கப்பட்ட’ என்றாகிவிடுகின்றன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் எடுத்த கணக்கின்படி நாட்டின் 1,94,490 கடற்கலங்களுள் முதல் வகை 37 விழுக்காடு; இரண்டாம் வகையும் 37 விழுக்காடு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் நாட்டின் முக்கால் பங்குக் கலங்கள் இழுவலைப் படகுகளின் இனமாகத் தோன்றும்.

இது புள்ளியியலோடு முடிவதன்று. தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1983, கரையை அடுத்துள்ள கடற்பரப்பை விசைப்படகுகளுக்கு விலக்கி நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்குகிறது. பின்தலையில் எட்டுக் குதிரைத்திறன் பொறியை மாட்டிய வள்ளத்தை ‘இயந்திரப் படகு’ என எழுதும் மொழிபெயர்ப்பு, அதன் உரிமையாளரை அவருக்கெனக் காக்கப்பட்ட நீரிலிருந்தே எழுத்தளவில் வெளியேற்றிவிடுகிறது. கரையில் வழங்கும் ‘விசைப்படகு’, ‘நாட்டுப்படகு’ என்னும் இணை இவ்வேறுபாட்டை முன்பே தெளிவாகப் பிடித்துவைத்திருக்கிறது. முதல் வகைக்கு ‘விசைப்படகு’ எனவும், இரண்டாம் வகைக்கு ‘பொறி பொருத்திய நாட்டுப்படகு’ எனவும் எழுதுதல் தகும். சற்று நீளம்தான்; ஆனால் ‘பொருத்திய’ என்பதில் கழற்றத்தக்கது என்னும் குறிப்பும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான வழுக்கலும் ஒன்றுண்டு. தமிழின் ‘கட்டுமரம்’ ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆகி, அங்கு இரண்டு உடல்களை இணைத்த கலத்தைக் குறிக்கலாயிற்று. அத்தகைய சிறு பாய்க்கலங்களில் துணைப்பொறியை இரண்டு உடல்களுக்கும் நடுவே, மேடையின் அடியில் மாட்டுவர். ஒருபுறம் சாய்ந்து நீரை இழக்கும் தொல்லை அங்குக் குறைவு. அக்கலத்தின் கையேட்டைத் தமிழாக்குபவர், தாய்வீடு திரும்பும் சொல்லென மகிழ்ந்து ‘கட்டுமரம்’ என எழுதினால், மரங்களுக்கு நடுவே பொறி தொங்க இடமேது எனப் படிப்பவர் மயங்குவர். ‘ஈருடற் படகு’ என்பதே அங்குப் பொருந்தும். நம் கரையில் கட்டுமரக்காரர் தம் கலத்தை வெறுமனே ‘மரம்’ என்றே அழைப்பர் என்பதும் நினைக்கத்தக்கது.

கரைமொழி ‘எஞ்சின்’, ‘பைபர்’ என அப்படியே ஏற்றுக்கொண்டதைக் குறைகூறுவோர் உளர். பாயின் காலத்துச் சொற்களும் இவ்வாறு வந்தவற்றை உள்ளடக்கியவையே. ‘சுக்கான்’ அரபு மொழியினது. பாயின் கீழ்முனையை இழுத்துக்கட்டும் கயிற்றுக்குரிய ‘தாமான்’ பாரசீகத் தொடர்புடையது. அவற்றோடு ஒரே படகில் ‘பாய்’, ‘அணியம்’ ஆகியனவும் இருந்தன. பொறி வந்தபின் இவற்றுள் ‘அணியம்’ வாழ்கிறது, ஏனெனில் எப்படகுக்கும் முன்புறம் உண்டு. ‘தாமான்’ பிடித்திழுக்கப் பாய் இல்லாத படகில் அச்சொல்லைச் சொல்ல வேண்டிய தருணமே எழுவதில்லை. பாய் விரித்து ஓடியவர்களுள் முதியோர் இன்னும் கரையில் இருக்கும்போதே, அவர்தம் சொற்களைப் பொறியைப் பொருத்திய முறை பற்றிய சொற்களோடு சேர்த்து ஊர்தோறும் தொகுத்தல் வேண்டும். குறுக்குக் கட்டை, தாங்கி, பொறியைத் தூக்கும் கயிறு ஆகியவற்றுக்குத் தச்சர்கள் இட்ட பெயர்களும் அத்தொகுப்பில் இடம்பெற உரியன.