கள்ளின் நுரையும் சீவல்காரரின் பேரமும்

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர்களிற் சிலர் இப்போது வீட்டிலேயே பியர் தயாரிக்கிறார்கள். அழுத்தத்தைத் தாங்கக்கூடிய பிளாஸ்ரிக் பீப்பாயில் அதை ஊற்றி, இரண்டு மூன்று வாரம் காத்திருந்து, ஆசையோடு குழாயைத் திறந்தால் நுரையில்லாத, சப்பென்ற திரவம் வந்து விழுகிறது என்பது அவர்களின் பொதுவான முறைப்பாடு. "அப்பு பனையடியில் பிளாவில் வாங்கிக் குடித்த கள் எந்தக் கருவியும் இல்லாமல் அப்படி நுரைத்ததே, இந்தப் பீப்பாய்க்கு என்ன கேடு?" என்று கோப்பாயைச் சேர்ந்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால் விடையைத் தேடிப் போனால் யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றின் ஒரு பக்கத்துக்கு வந்து சேருகிறோம்.

முதலில் நுரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சீனியை மதுவம் தின்னும்போது மதுசாரமும் காபனீரொட்சைட்டு வாயுவும் பிறக்கின்றன. (மதுவம் என்று இலங்கைப் பாடநூல்களில் நாம் படித்ததைத் தமிழ்நாட்டு வாசகர்கள் ஈஸ்ட் என்பார்கள். வாயுவை அவர்கள் கரியமில வாயு என்பார்கள்.) ஐந்து வீத மதுசாரம் கொண்ட ஒரு லீற்றர் கள் உருவாகும்போது ஏறத்தாழ 20 லீற்றர் வாயு உண்டாகிறது. அதில் எவ்வளவு கள்ளிலேயே தங்கும்? யாழ்ப்பாணத்து வெயிலில், 30 பாகை வெப்பத்தில், திறந்த முட்டியில் ஒரு லீற்றருக்கு முக்கால் லீற்றர்கூடத் தங்காது. மிகுதியெல்லாம் காற்றோடு போய்விடும். வாயுவைத் திரவத்தில் தங்கவைப்பது அழுத்தமும் குளிருமே என்பதை வில்லியம் ஹென்றி என்ற ஆங்கிலேயர் 1803இல் விதியாகவே எழுதிவைத்தார்.

ஆகவே போத்தல் பியரின் நுரையும் கள்ளின் நுரையும் ஒன்றல்ல. பியர், அடைத்துவைத்த வாயுவை நாம் மூடியைத் திறக்கும்போது விடுகிறது. கள்ளோ வாயுவைச் சேமித்து வைப்பதில்லை. நாம் குடித்துக்கொண்டிருக்கும்போதே அதை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. பிளாவில் பொங்குவது அந்தக் கணத்தில் நடக்கும் நொதிப்பு. சீனி தீர்ந்தால் நுரையும் தீர்ந்தது. அதன் பின்னர் காற்றுப் படப் படப் புளிப்பு ஏறி, மறுநாளைக்குள் வினாகிரியின் வழிக்குப் போய்விடும்.

கோப்பாய்ச் சந்தியிலிருந்து கைதடிப் பாலத்தை நோக்கிப் போகும் வீதியில், கடல்நீரேரியை நெருங்க நெருங்கப் பனைகளைக் காணலாம். வலிகாமத்தின் செம்மண் தோட்டங்கள் முடிந்து உவர் நிலம் தொடங்கும் இடம் அது. மாசி, பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆவணி வரை போகும். சீவல்காரர் காலையும் மாலையும் தளநாரைக் காலிற் கொழுவி ஏறுவார். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் நொதிப்புத் தடைப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கும். பூசாவிட்டால் கள். முட்டியில் முன்னைய நாளின் மண்டி ஒட்டியிருக்கும். அதிலுள்ள மதுவமே புதுச் சாற்றைத் தொடக்கிவைக்கும். மரத்தை விட்டு இறங்குமுன்பே அது நுரைக்கத் தொடங்கிவிடுகிறது. ஐரோப்பியர் நாட்கணக்காகச் செய்யும் வேலை பனை உச்சியில் சில மணி நேரத்தில் நடந்து முடிகிறது.

அந்த வேகந்தான் சீவல்காரருக்கு வினையாக முடிந்தது. நெல்லை விலை ஏறும்வரை களஞ்சியத்தில் வைத்திருக்கலாம், புகையிலையைப் பாடம் போட்டுப் பரணில் வைக்கலாம். கள்ளை வைத்திருக்க முடியாது. உயிரைப் பணயம் வைத்து இறக்கிய பண்டத்தை அன்று பொழுது சாயுமுன் விற்றே ஆகவேண்டியவன், வாங்குபவன் சொன்ன விலைக்குத் தலையாட்டியே ஆகவேண்டும். நுரை இருக்கும்வரைதான் அவனுக்குப் பேரம். இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால், கள் தொடர்பாக யாழ்ப்பாணத்தில் நடந்த பலவும் தெளிவாக விளங்கும் என்பது என் கருத்து.

பிரித்தானியர் காலத்தில் சாராயமும் கள்ளும் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது. அதே ஆண்டில் தென்னிலங்கையில் மதுவிலக்கு இயக்கம் வீறுகொண்டதையும் நாம் அறிவோம். குத்தகைக்காரருக்குத் தவறணை, சீவல்காரருக்கு மரம். இடையில் கிடந்து துடித்தது அந்த ஒரு நாட்பொழுது. பிற்காலத்தில் மரவரி முறை வந்தபோது, வரியைக் கட்டிவிட்டு மரத்தடியிலேயே விற்கும் வாய்ப்புச் சிலருக்குக் கிடைத்தது. கள் வாங்கிக் குடித்தவர்கள், அதைச் சீவியவரைத் தம் வீட்டுத் திண்ணையில் இருத்த மறுத்த காலம் அது. சாதியின் கொடுமையைப் பற்றி எழுதியவர்கள் பலர்; அந்தக் கொடுமைக்குப் பண்டத்தின் குறுகிய ஆயுளும் துணைநின்றது என்பதை எழுதியவர்கள் குறைவு.

1970களின் தொடக்கத்தில் குத்தகைக்காரரின் இடத்துக்குத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. இது பெரிய மாற்றம். அளந்து கொடுத்தால் நிச்சயமான விலை கிடைத்தது. ஆனால் சங்கத்துக்கும் அதே பிரச்சினை காத்திருந்தது. சித்திரை, வைகாசியில் கள் பெருகும்போது தவறணைகளில் குடித்துத் தீர்க்க முடியாது. செய்தியாளனாக அலைந்த நாட்களில், மாலையில் மிஞ்சிய கள்ளை நிலத்தில் கவிழ்ப்பதைக் கண்டிருக்கிறேன். வடமராட்சியில் திக்கம் வடிசாலை, மிஞ்சிய கள்ளைச் சாராயமாக்கியது. நல்ல வழிதான், ஆனால் வடிசாலைக்குப் போன கள் கள்ளாக மீள்வதில்லை. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. அதன் ஆராய்ச்சி நிறுவனம், கோப்பாயிலிருந்து பாலத்தைக் கடந்தால் வரும் கைதடியில் அமைந்தது. 1980களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தெய்வேந்திரராஜா, கிறிஸ்தோபர் ஆகியோர் பனங்கள்ளின் நுண்ணுயிர்களை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். பின்னர் போர் வந்தது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்ட பனைகளுக்குக் கணக்கில்லை.

மிஞ்சியதைக் காப்பாற்றும் இன்னொரு வழி போத்தலில் அடைப்பது. இங்கேதான் நுரை முழுமையாகப் பழிவாங்கியது. உயிருள்ள கள்ளை இறுக மூடினால் உள்ளே வாயு பெருகிப் போத்தல் வெடிக்கும். வெடிக்காமலிருக்க, லூயி பாஸ்டர் 1860களில் வைன் மதுவுக்காக வகுத்த முறைப்படி சூடாக்கவேண்டும். சூடாக்கினால் மதுவம் இறக்கும், நொதிப்பு நிற்கும், கூடவே நுரையும் போய்விடும். வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளிற் கள் என்று விற்கும் போத்தலைத் திறந்து ஏமாந்தவர்களுக்கு இது விளங்கும். சோடாவுக்குச் செய்வதுபோல வெளியிலிருந்து வாயு ஏற்றலாம். பியர் வடிக்கும் நிலையத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி 1767இல் லீட்ஸ் நகரில் கண்டுகொண்ட வித்தை அது. ஆனால் ஏற்றிய நுரை கள்ளின் நுரையல்ல என்று பழைய குடிகாரர்கள் சாதிப்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

மூடிவைத்தல் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. தேனாலான தேறலை மூங்கிற் குழாயில் வைத்து விளையவிட்டதை மலைபடுகடாமும் திருமுருகாற்றுப்படையும் பேசுகின்றன. இரு கணுக்களுக்கு இடைப்பட்ட மூங்கில், இயற்கை தந்த பீப்பாய். பனை நாட்டில் மூங்கில் ஏது? நமக்கு வாய்த்தது மண்முட்டி.

நண்பரின் பீப்பாய்க்கு வருவோம். பிரித்தானியாவில் வீட்டில் பியர் செய்ய 1880ஆம் ஆண்டின் சட்டம் அனுமதிப்பத்திரம் கேட்டது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினோல்ட் மோட்லிங் அதை நீக்கிய பிறகே இந்தக் கலை பெருகியது. அழுத்தப் பீப்பாய், வெடிக்கும் போத்தலுக்கும் திறந்த முட்டிக்கும் இடையிலான ஏற்பாடு. உயிருள்ள மதுவம் உள்ளே இருக்கும். அழுத்தம் மிஞ்சினால் வால்வு விட்டுவிடும். அது சப்பென்று போனால் பெரும்பாலும் குற்றவாளி மூடியின் இரப்பர் வளையந்தான். சவர்க்கார நீரைப் பூசிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். வளையத்துக்குச் சிறிது வசலீன் தடவி இறுக்கவேண்டும். பிறகு 23 லீற்றருக்கு 80 முதல் 100 கிராம் வரை சீனி கரைத்து விட்டு, சில நாட்கள் இளஞ்சூட்டில் வைத்து மதுவத்தை மீண்டும் வேலைசெய்யவிட்டு, அதன் பின்னர் குளிரில் வைக்கவேண்டும். குளிரில் வைக்க அவசரப்பட்டால் மதுவம் உறங்கிவிடும். முதற் கிண்ணங்கள் நுரைத்துப் பின்னர் ஓய்ந்தால் அது ஒழுக்கல்ல. திரவம் குறைந்த இடத்தை நிரப்ப வாயு மேலே போய்விட்டது. சிறிய வாயுக் குப்பி ஒன்றைச் செலுத்தினாற் சரியாகும். குழாய் "களக், களக்" என்று காற்றை உள்ளே இழுக்கும்வரை விட்டுவிடக்கூடாது. காற்று நுழைந்தால் புளிப்பும் நுழையும். தவறணைப் பீப்பாயில் மாலைக்குள் நடந்ததும் அதுவே.

நண்பர் வளையத்தை மாற்றினார், பியர் நுரைத்தது. அதே பீப்பாயைக் கோப்பாய்ச் சீவல்காரருக்குக் கொடுத்தால் என்ன என்று அடுத்துக் கேட்டார். கள்ளில் மதுவத்தோடு புளிப்பேற்றும் பற்றீரியாவும் சேர்ந்தே வாழ்கின்றன. அவற்றிற் சில காற்றில்லாமலும் வேலைசெய்யும். ஆகவே பீப்பாய் மாதக்கணக்கில் காப்பாற்றாது. குளிரூட்டினால் நாட்கணக்கில் காப்பாற்றலாம். கிழமை இறுதிச் சந்தைவரை வைத்திருந்து விலைபேச அந்தச் சில நாட்களே போதும். ஆனால் குளிரூட்டிக்கு மின்சாரமும் முதலும் வேண்டும், விற்க மதுவரித் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். தனி ஒருவரால் இயலாது, சங்கத்தால் இயலும் என்றேன்.